ஒன்பதாவது தடவை

தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டுவதற்காக மாமி ஒரு வெள்ளை வேட்டியின் ஓரத்தை நீளமாகக் கிழித்தாள். கிழித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“கலிமா சொன்னாரா?”

மூத்தவள் வாப்பாவின் தாடையை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மூன்று நாள் தாடி குத்தியது. உடம்பில் சூடு இன்னும் போகவில்லை.

“சொன்னாரு மாமி.”

சொல்லிவிட்டாள்! யோசிக்கக்கூட இல்லை. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் ‘பரவாயில்ல’ என்பதுபோல வாயில் வந்துவிட்டது. மாமி துணியை மடியில் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டு அழுதாள். “எங்கண்ணன் நம்பிக்கை குலையாம ஈமானோட போயிட்டாரு. இனி என்னடி வேணும் எனக்கு?”

கட்டிலின் கால்மாட்டில் உம்மா இருந்தாள். காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று இங்கிருந்தே சொல்லும் காது உம்மாவுக்கு. நடந்ததெல்லாம் அந்தக் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. மூத்தவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மா வாப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் ஒரு நாடாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான்.

வாப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். லென்ஸ் பாய் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மூத்தவளும் பன்னிரண்டு வருடமாக அதே கடையில்தான். லென்ஸ் தேய்க்கும் மெஷின் அவள் பொறுப்பு. வாப்பா வெள்ளிக்கிழமைத் தொழுகையை விடமாட்டார், நோன்பை விடமாட்டார். மற்றபடி, விடியற்காலைத் தொழுகை நேரத்தில் குறட்டைதான். மதியம் பாங்கு சொன்னால், “இந்த ஒரு லென்ஸ முடிச்சிட்டு வந்துடறேன்” என்பார். லென்ஸும் முடியும், தொழுகை நேரமும் முடியும். கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் மூத்தவளுக்கு ஆகாது. அவள் சின்ன வயதிலிருந்தே பயந்தவள். போன மூன்று மாதமாக, வாப்பாவின் ஈரலைப் பற்றி டாக்டர் சொன்ன நாளிலிருந்து, போனில் ஹஜ்ரத் ஒருவரின் பயான்களாக, மார்க்கப் பேச்சுகளாகக் கேட்டுத் தள்ளினாள். கடைசி மூச்சு எப்படி வரும், அந்த நேரத்தில் நாக்கு புரளாமல் போனவர்கள் கதி என்ன, இதுதான் எல்லாம். கேட்கக் கேட்க ஈரக்குலை நடுங்கியது. நடுங்க நடுங்க இன்னும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இன்று எட்டாம் நாள். காலை பத்து மணிக்கு மூச்சு மாறியது.

போகிறவரின் காதருகே கலிமாவின் அந்த ஒரு வரியை மெதுவாகச் சொல்ல வேண்டும். வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவன்தான் என்கிற வரி. அவர் காதில் விழுந்தால் போதும். சொல்லு, சொல்லு என்று நெருக்கக் கூடாது, வேதனையில் இருக்கிற மனிதர் சலித்துப்போய் எதையாவது சொல்லிவிடுவார். இதையும் அதே பயானில் அதே ஹஜ்ரத் சொல்லியிருந்தார். பயமுறுத்துகிற வரியெல்லாம் காதில் ஏறிய மூத்தவளுக்கு இது மட்டும் ஏறவில்லை. அதை விடுங்கள், கடையில் கண் பரிசோதிக்கும்போது வாப்பாவே எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! “எந்த லென்ஸ் தெளிவா இருக்குன்னு ரெண்டு தடவைக்கு மேல கேக்காத. மூணாவது தடவை கேட்டா ஆளு அலுத்துப்போயி வாய்க்கு வந்தத சொல்லுவான்.”

அவள் ஒன்பது தடவை கேட்டாள்.

“வாப்பா, சொல்லுங்க. என்னப் பாருங்க வாப்பா. லா இலாஹ... சொல்லுங்களேன். உதட்ட மட்டுமாவது அசைங்க.” தோளைப் பிடித்து உலுக்கினாள். அழுதாள். நேரம் போகப் போகக் குரல் உயர்ந்தது. ஒன்பதாவது தடவை வாப்பா கண்ணைத் திறந்தார். அவளைத்தான் பார்த்தார், அதில் சந்தேகமே இல்லை. தோளில் இருந்த அவள் கையைப் புறங்கையால் ஒதுக்கினார்.

“வேணாம்” என்றார். “போதும்.”

அதற்குப் பிறகு இரண்டு மூச்சு. அவ்வளவுதான்.

எது வேண்டாம்? கலிமாவா? ஐம்பத்தொன்பது வருடம் எப்படியோ ஒப்பேற்றிவிட்ட மனிதரை, வாசற்படியில் வைத்து இவளே அல்லவா பிடித்துத் தள்ளிவிட்டாள்?

பன்னிரண்டு மணிக்குத் தம்பி வந்து சேர்ந்தான். மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. வாப்பாவோடு ஏதோ வாய்த்தகராறு, நான்கு மாதமாகப் பேச்சில்லை. நேற்று ராத்திரி போன் செய்தபோதும், காலையில் வருகிறேன் என்றுதான் சொன்னான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான். மாமிதான் ஓடிப்போய்ச் சொன்னாள். “கலிமாவோட போனாருடா உங்க வாப்பா. உங்கக்கா பக்கத்துலயே இருந்து கேட்டிருக்கா.”

தம்பி அக்காவிடம் வந்தான். அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டான். விரல்களில் தீப்பொறி பட்ட தழும்புகள்.

“நெஜமாவாக்கா?”

அவள் தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்?

“வழியெல்லாம் செத்துட்டே வந்தேங்க்கா. என்மேல இருந்த கோவத்தோட போயிருப்பாரோன்னு. கடைசியில வாயில அல்லா பேருதான் இருந்துச்சுன்னா அப்ப என் கோவமெல்லாம் இருந்திருக்காது, இல்ல?” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட சொல்லி, ஜனாஸாத் தொழுகைக்கு முன்னாடி மைக்ல சொல்லச் சொல்லணும். லென்ஸ் பாய் தொழமாட்டாருன்னு நக்கலடிச்சவனெல்லாம் கேக்கட்டும்.”

மைக்கில். பள்ளிவாசலில். எல்லோரும் வரிசையாக நிற்க, முன்னால் வாப்பா கிடக்க, அவள் சொன்ன பொய்யை ஹஜ்ரத் வாயால்.

பின்கட்டில் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தம்பியும் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும். நடுவே ஏதோ எடுக்க வெளியே வந்த சித்தப்பா, “முகத்துல என்னா ஒளிங்கிறீங்க! தூங்குற மாதிரி இருக்காரு” என்று பெண்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். மூத்தவளுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கறுத்திருக்குமோ? பயானில் அப்படித்தான் சொன்னார்கள். சித்தப்பாவுக்குக் கண்ணில் பவர் கூடிக் கிடக்கிறது, அவர் பார்த்ததை யார் நம்புவது?

உம்மா தொழுகைக்காக அடுப்படிக் குழாயில் ஒளு செய்துகொண்டிருந்தாள். மூத்தவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

“உம்மா, நீங்க கேட்டீங்கல்ல?”

உம்மா முழங்கைவரை நனைத்துக்கொண்டே, “கேட்டேன்” என்றாள்.

“அவரு... வேணாம்னு சொல்லிட்டாரும்மா.”

“சொன்னாரு.”

“என்னாலதாம்மா. நான்தான்...” சாத்திய கதவில் சாய்ந்துகொண்டாள். “அவரு ஈமான் இல்லாமப் போயிட்டாரா? சொல்லுங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு.”

உம்மா குழாயை மூடினாள். கை கால்களிலிருந்து தண்ணீர் சொட்ட அப்படியே நின்றாள்.

“முப்பத்தாறு வருஷம் ஒரே தலகாணியில படுத்தேன். அவரு உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கே முழுசாத் தெரியாது. வெளிய வந்த ஒரு வார்த்தைய வெச்சு உனக்குத் தெரிஞ்சிடுச்சா?”

“இல்லம்மா, கடைசி வார்த்தைன்னா...”

“நீ அல்லாவ என்னன்னு நெனச்சிட்டு இருக்க? பரீட்சை பேப்பர் திருத்துற வாத்தியாருன்னா? கடைசி வரியில ஒரு எழுத்து தப்பாப் போனா பூராவையும் கிழிச்சுக் குப்பையில போடறதுக்கு?” உம்மாவின் குரல் உடைந்தது. “வலியில கெடக்குற மனுசன் காதுல நீ கத்துன. அவரு உன்ன நிறுத்தச் சொன்னாரு. நான் அப்படித்தான் கேட்டேன். அல்லா எப்படிக் கேட்டானோ! எனக்கு மட்டும் பயமில்லங்கிறியா? காலையிலேர்ந்து அடிவயிறு கலங்கித்தான் கெடக்கு. பயம் இருக்கட்டும், தப்பில்ல. ஆனா அவன்மேல கொஞ்சம் ஆசையும் வைடி. ரெண்டும் சேந்தாத்தான் ஈமான். வெறும் பயத்த மட்டும் கட்டிட்டு அழறதுக்குப் பேரு வேற.”

“அப்ப நான் சொன்ன பொய்?”

“அது உன்னோடது. நீ சுமந்துக்க. அத அவரு தலைமாட்டுல வெச்சு அனுப்பாத.”

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொழப் போய்விட்டாள்.

கூடத்தில் கஃபன் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. தெருவில் ஆண்கள் சந்தூக்குப் பெட்டியை இறக்கும் சத்தம். தம்பி தலைமாட்டில் நின்று போனை எடுத்துக்கொண்டிருந்தான்.

“யாருக்கு?”

“ஹஜ்ரத்துக்கு. நான் சொன்னேன்ல, மைக்ல...”

“அத சொல்லச் சொல்லாத.”

“ஏங்க்கா?”

எல்லோரும் சுற்றி இருந்தார்கள். மாமி இருந்தாள். மூத்தவள் தம்பியின் காதருகே போனாள். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள். “அவரு கலிமா சொல்லி நான் கேக்கலடா. பொய் சொல்லிட்டேன். ஹஜ்ரத்கிட்ட, வாப்பாவுக்காக எல்லாரையும் துஆ கேக்கச் சொல்லு. அத மட்டும் சொல்லு.”

தம்பி அவளையே பார்த்தான். அவன் முகத்தில் மதியத்திலிருந்து இருந்த தெம்பெல்லாம் வடிந்தது. திட்டுவான் என்று நினைத்தாள். திட்டட்டும், அடித்தாலும் அடிக்கட்டும். அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“சரிக்கா” என்றான். “துஆ கேக்கச் சொல்றேன்.”

“பொம்பளைங்க முகம் பாக்கணும்னா பாத்துக்குங்க. நேரமாவுது” என்றார் சித்தப்பா.

மூத்தவள் மண்டியிட்டாள். கண்ணை மூடிக்கொண்டேதான் குனிந்தாள், பிறகு திறந்தாள். கறுப்பும் இல்லை, ஒளியும் இல்லை. வாப்பா முகம்தான். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குக்கண்ணாடி அழுத்தி அழுத்தி விழுந்த குழிகள் எத்தனை தண்ணீர் ஊற்றியும் அப்படியே இருந்தன. கற்பூரம் மணத்தது. காதுக்குப் பக்கத்தில் போய், மெதுவாக, அந்த வரியைச் சொன்னாள். ஒரே ஒரு தடவை. சொல்லிவிட்டு, அந்த உதடுகளைப் பார்க்காமல் எழுந்துகொண்டாள்.

தம்பி துணியின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடினான். தலைமாட்டு முடிச்சைப் போட்டான். அது நழுவியது. மறுபடி போட்டான், அதுவும் நழுவியது. பட்டறையில் இரும்பையே வளைக்கிற கை. சித்தப்பா உதவிக்குக் குனிந்தபோது, “இல்ல, நானே” என்றான். மூத்தவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து துணியின் மறுமுனையை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.