அக்கா கேட்ட முகம்

அத்தான் கடல் வரைகிறவர். நாங்கள் தப்பித்து வந்து சேர்ந்த இந்த ஊரில், படங்களுக்குச் சட்டம் போடும் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஓட்டல் அறைகளில் மாட்டுவதற்காக வரைகிறார். முதலில் வானம், பிறகு தண்ணீர், கடைசியில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு விரலால் சுண்டினால் நுரை. கரையில் நிற்கும் மனிதர்களுக்குத் தூரிகையால் இரண்டு ஒற்றல், அவ்வளவுதான்.

கடைக்காரர் கேலி செய்வார். "உன் ஆளுங்க ஒருத்தனுக்கும் மூஞ்சியே இல்லையேப்பா. போலீஸுக்குப் பயந்தவங்களா?"

வரும் வழியில் படகு கவிழ்ந்ததில் அக்கா மகள் போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை. அவள் படங்கள் இருந்த போனும் அதே தண்ணீரில் போயிற்று. ஊரில் வீடும் எரிந்துவிட்டதால், அங்கே யாரிடமும் கேட்டு வாங்க ஒன்றும் இல்லை.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அக்கா சொன்னாள். "அவ முகம் எனக்கு மங்கிக்கிட்டே வருது. வரைஞ்சு குடுங்க."

"எனக்கு முகம் வராதுடி."

"ஊரான் ரூமுக்கெல்லாம் வரையத் தெரியுது. பெத்த பொண்ணுக்கு வராதா?"

அதற்குமேல் அவர் மறுக்கவில்லை. சாயங்காலம் சமையலறை மேசையில் பென்சிலோடு உட்கார்ந்தார்.

முதல் படத்தைப் பார்த்து அக்கா, "இது உங்க தங்கச்சி" என்றாள். அடுத்ததற்கு, "மூக்கு இப்படியா இருந்துச்சு?"

"இப்படித்தான் இருந்துச்சு."

"பெத்தது நானா, நீங்களா?"

பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. என் ஞாபகத்தில் மிச்சமிருந்த முகத்தையும் அந்தப் படங்கள் கலைத்துவிட்டிருந்தன. "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்று மழுப்பினேன். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு அத்தான் பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, தனக்குக் கைவந்ததைச் செய்தார். கரை, தண்ணீர், நுரை. ஈர மணலில் ஒரு சிறுமி, நமக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்கிறாள். இரட்டைப் பின்னலில் ஒன்று, எப்போதும்போல, பாதி அவிழ்ந்திருக்கிறது. இடது காது மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது.

வேலை முடிந்து வந்த அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "அவதான்" என்றாள். "அவளேதான்." காதைத் தொட்டாள். காயாத சாயம் விரலில் ஒட்டிக்கொண்டது.

அத்தான் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்தைச் சாய்த்து, ஓரமாக எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவரைத் திரும்பிப் பாராமலே சொன்னாள்.

"இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க."