பாகாலா பிளாட்பாரத்தில் அசரியா

படத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கதையை விட்டுவிட்டு, பாட்டு யார் பாடியது, கதாநாயகி இப்போது எங்கே இருக்கிறாள் என்று கிளம்பிவிடுவீர்கள். கறுப்பு வெள்ளைப் படம். அறுபத்திரண்டில் எடுத்தது. அதில் ஒரு காட்சியைப் பாகாலா ஸ்டேஷனில் எடுத்தார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த ஸ்டேஷனில் அப்போது அசரியா, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். வண்டிக்குப் பச்சைக்கொடி காட்ட ஓர் ஆள் வேண்டும் என்று படக்காரர்கள் கேட்டார்கள். வேஷம் போட்ட ஆள் எதற்கு, நிஜ ஆளே நிற்கிறானே என்று ஸ்டேஷன் மாஸ்டர் அசரியாவை முன்னால் தள்ளிவிட்டார். படம் சித்தூருக்கு வந்ததும் அசரியா தன் மனைவி லோயிஸை ஒரு தரமல்ல, மூன்று தரம் கூப்பிட்டார்.

லோயிஸ் உபதேசியார் மகள். சினிமாக்கொட்டாய் வாசலை மிதித்தவர்களுக்குச் சர்ச்சில் ராப்போஜன அப்பமும் ரசமும் தரக்கூடாது என்று போதகருக்கே எடுத்துச் சொன்ன குடும்பம். "சாத்தான் வூட்ல உங்க மூஞ்சி தெரியறது ஒரு பெருமையா? போறதுன்னா தனியா போங்க" என்று ஒரே போடாகப் போட்டாள். அசரியா தனியாகவும் போகவில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்த மனிதர், எழுபத்தொன்பதில் மார்வலி வந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்.

நாலு வருஷம் ஆயிற்று. சுவரில் கல்யாண போட்டோ இருந்தது. அதில் அவர் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி விறைத்து நின்றார். லோயிஸுக்கு அந்த மூஞ்சி வேண்டாம். அவர் கையை எப்படி ஆட்டுவார், கழுத்தை எப்படித் திருப்புவார் என்பதெல்லாம் மெல்ல மெல்ல மறந்துகொண்டே வந்தது. அதுதான் அவளைத் தின்றது.

ஒரு வியாழக்கிழமை காலை நாத்தனார் தபீதாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணி, அண்ணன் படம் மறுபடியும் ஓடிக்கினு கீது! இன்னிக்கிதான் கடைசி நாளாம். வர்றீங்களா, இல்ல பழையபடி சாத்தான் கதைய சொல்லப் போறீங்களா?"

மாதர் ஐக்கியத் தலைவி லோயிஸ் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மாட்டினிக்குப் போனாள்.

கொட்டாய் நிறையக் காலேஜ் பசங்கள். பழைய படத்தைக் கிண்டல் பண்ணவே வந்த கூட்டம். கதாநாயகனின் மீசைக்கு ஒரு விசில், பாட்டுக்கு ஒரு ஊளை. "தொலஞ்சி போவானுங்க" என்று தபீதாள் பல்லைக் கடித்தாள். ஸ்டேஷன் காட்சி வந்ததும் கண்ணை எடுக்கக் கூடாது என்று இரண்டு பேரும் பேசிவைத்திருந்தார்கள்.

காட்சி வந்தது. முந்தின நாள் புருஷனைக் கண்டபடி பேசிவிட்ட பெண், அவன் அசாமுக்கு வேலைக்குக் கிளம்பும்போது மன்னிப்புக் கேட்க ஓடிவருகிறாள். ஜன்னல் பக்கத்தில் நிற்கிறாள். கேட்க வேண்டியது வாயில் வரவில்லை. "கூஜாவுல தண்ணி இருக்கா?" என்கிறாள். "இருக்கு" என்கிறான். வண்டி கிளம்பிவிடுகிறது. அவ்வளவுதான். பின்னணியில் வயலின் கூடக் கிடையாது. விசிலடித்த பசங்கள் வாயில் ஈ போனால் தெரியாது.

"கேளேன்டி பாவி, வாயத் தொறந்து கேளேன்" என்று லோயிஸ் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முந்தானையால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், திரையில் கல்யாண வீட்டுச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது.

"பாத்தியாடி அவர?"

"நீங்க பாக்கலையா? நான் அந்தப் பொண்ணையே பாத்துக்கினு இருந்துட்டேன் அண்ணி" என்று தபீதாள் மூக்கை உறிஞ்சினாள்.

ஐயோ, எப்படி இருக்கும்! படம் எடுத்து இருபத்தோரு வருஷம் கழித்து மனுஷனைப் பார்க்க வந்து, பார்க்காமல் விட்டார்கள் இரண்டு பேரும். வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஏகாம்பரத்திடம் கெஞ்சினார்கள்.

"மத்த ஆட்டத்துக்கு டிக்கெட் ஆயிப்போச்சும்மா. படப் பொட்டி நாளைக்கித் திருப்பதி போவுது" என்றார் அவர்.

சனிக்கிழமை லோயிஸ் தபீதாளையும் இழுத்துக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பினாள். பக்கத்து வீட்டுச் சென்னம்மாவுக்கு இது போதாதா? "இன்னா தாயீ, எங்க சாமிகிட்ட வேண்டுதலா? மொட்டையா, இல்ல பூ முடியா?" என்று தெரு முனைவரை வந்து கேட்டாள். லோயிஸ் நடையை எட்டிப் போட்டாள். ரயில் பாகாலாவில் பத்து நிமிஷம் நின்றது. பிளாட்பாரத்தில் யாரோ ஒரு புதுப் பையன் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

திருப்பதிக் கொட்டாயிலும் அதே கிண்டல், அதே ஊளை, ஸ்டேஷன் வந்ததும் அதே அமைதி. இந்தத் தடவை லோயிஸ் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. காதில் கூஜா விழுந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். திரையின் இடது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் அசரியா நின்றிருந்தார்.

இருபத்தேழு வயசு. கொடியோடு எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டியவர், கழுத்தைத் திருப்பி, வாயைப் பிளந்து, அந்தக் கதாநாயகியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடியைத் தூக்கினார். தூக்கின கை பாதியில் நின்றது. கொடி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் ஆட்டினார். அந்த ஆட்டு ஆட்டுவது அவரே தான். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், மணிக்கட்டு மட்டும் ஆடும்.

"அழுவுறாருடி!" என்று லோயிஸ் கத்தியேவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. அன்றைக்கு ஷூட்டிங் முடிந்து வீட்டுக்கு வந்தவர் ஒரு வாய்கூடத் தின்னாமல் உட்கார்ந்திருந்ததும், இவள் அதற்கும் ஒரு திட்டுத் திட்டியதும் லோயிஸுக்கு ஞாபகம் வந்தது. சோடாக்கடை நிழலில் ஒதுங்கி நின்று, "அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்றாள்.

தபீதாள் திடுக்கிட்டாள். "நாளைக்கி ஞாயித்துக்கெழம அண்ணி, ராப்போஜனம் கீது. அண்ணனத்தான் பாத்தாச்சே, மறுபடியும் இன்னாத்துக்கு?"

"அவர பாத்துட்டேன். படம் பாக்கத்தானேடி அவரு கூப்பிட்டாரு" என்றாள் லோயிஸ். "அங்க தூணுக்குப் பக்கத்துல தனியா நின்னு பாத்துக்கினு கீறாரு. இந்த ஒரு தடவ நானும் கூட உக்காந்து பாத்துட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு, பெண்கள் வரிசையில் போய் நின்றாள். முக்காடு தோளில் கிடந்தது.