குழி எந்தப் பக்கம்

"இந்த ஃபேனைக் கழட்டிப் பழைய இரும்புல போடு"ன்னு மாமா சொன்னா உடனே கழட்டிடுவேனா நான்?

சலவைக்கூடத்துல எங்க அக்கா நாள் முழுக்க இஸ்திரி போடுறா. ஆவி நிறைஞ்சு கண்ணே தெரியாது. அந்த ஆவியை வெளிய தள்ளுற ஃபேன் எங்க மாமா பட்டறையில செஞ்சது. அவர் இறக்கைன்னா நேரா வெட்டின தகடு, அவ்வளவுதான். சுத்தும்போது இறக்கையோட நுனி பறக்குது, அடிப்பக்கம் மெதுவா வருது. ரெண்டுக்கும் ஒரே சாய்வு வெச்சா எப்படி மாமா? கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஃபேனுக்குத் தகடு வாங்கினேன். அடியில நிமிர்த்தி, நுனிக்குப் போகப்போக படுக்க வெச்சு முறுக்கினேன். குறுக்கே கரண்டி மாதிரி லேசா குழி.

இன்னிக்கு மாட்டியாச்சு. சுவிட்ச் போட்டா ஒரே ஊளை. காத்து வெளியதான் போகுது, ஆனா பழசை விடக் கம்மி. உள்ள வர்ற காத்தைப் பாக்க அக்கா ஜன்னல்ல கட்டின நூல் லேசா தலையாட்டிச்சு, பெரியவங்க பேச்சுக்கு ஆட்டுற மாதிரி.

"பூ மாதிரி வளைச்சியே, மாலை கட்டிப் போட்டுக்கோ"ன்னார் மாமா. "நாளையிலேர்ந்து கணக்கு வழக்கு மட்டும் பாரு. தகட்டைத் தொடாத."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஃபேனுக்கு நேரா ஏறிட்டேன். "காரணம் தெரியாம இறங்க மாட்டேன். வேணும்னா ஸ்டூலோட தூக்கிட்டுப் போங்க."

"இறங்கித் தொலையேன்டி, மானம் போகுது"ன்னா அக்கா.

சுவிட்சை அணைக்கச் சொல்லி, நின்ன இறக்கை மேல டார்ச் அடிச்சேன். குழி கூடத்தைப் பாத்து நிக்குது. காத்தைத் தள்ளுறது குழிதான், அது வெளிய பாக்கணும். உள்ள நிக்கிற நான் பாக்க வேண்டியது இறக்கையோட முதுகை.

"அண்ணே, எந்தப் பக்கம் மாட்டினீங்க?"

"எப்பவும் மாட்டுற பக்கம்தான்மா"ன்னார் ஃபிட்டர் அண்ணன். "நட்டு வெளிய. தட்டை இறக்கைக்கு முன்னாடி ஏது, பின்னாடி ஏது."

அவர் மேல தப்பே இல்ல. எது முன்பக்கம்னு குறி போடாதது நான்தான். கழட்டித் திருப்பி மாட்டினோம். அதே மோட்டார், அதே சுத்து. மாமா கையைக் கட்டிக்கிட்டு, "தோசையா, திருப்பிப் போட்டா வேகறதுக்கு?"ன்னார்.

ஊளை அடங்கிடுச்சு. நூல் குச்சி மாதிரி விறைச்சு நின்னுது. ஆவிக்கு நடுவுல அக்கா மூக்குத்தி தெரிஞ்சுது.

மாமா நூலை விரலால சுண்டிப் பாத்தார். "இன்னிக்கு வெளிய காத்து பலமா அடிக்குது போல"ன்னார். அப்புறம், "அடுத்த ஃபேனுக்குத் தகடு நேராத்தான் வெட்டணும், சொல்லிட்டேன்."

தகடு வெட்டுற கத்தரிக்கோல் இப்ப என் கையில இருக்கு. நீங்களே சொல்லுங்க, நேரா வெட்டவா?