அமோவாவின் சுவர்

சனிக்கிழமை காலை, தன் சொந்தச் சுவரைத் துடைப்பதற்கு அமோவா இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எதிர்ப் பட்டறை பூட்டிக் கிடந்தது. நியார்கோ, மனைவியின் மாமா சாவுக்குக் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு போயிருந்தான். சனிக்கிழமையானால் குமாசி நகரத்தில் பாதிப் பேர் யார் சாவுக்காவது போயிருப்பார்கள். சந்து மூலையில் மாமே செர்வா மட்டும் காராமணிச் சோற்று அண்டாவைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் முதுகு இந்தப் பக்கம் இருந்த நேரம் பார்த்து ஈரத் துணியை எடுத்தான். சுவரின் நீளத்துக்கு ஓடிய சாக்பீஸ் கோடு நான்கே இழுப்பில் காணாமல் போனது.

கோடு நியார்கோ போட்டது. ஹெட்லைட் மாற்றினால் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று எதிரே ஒரு சுவரில் பார்த்தாக வேண்டும். கோட்டுக்கு மேலே ஏறினால் எதிரில் வருகிறவன் கண் அவிந்துவிடும். நியார்கோவுக்கு எதிரே இருந்த சுவர் அமோவாவுடையது. மூன்று மாதம் முன்பு பட்டறை திறந்த அன்றே வந்து கேட்டான்: “மாஸ்டர், இந்தச் சந்துலயே உங்க சுவர்தான் நேரா நிக்குது. ஒரு கோடு போட்டுக்கட்டுமா?” இருபத்திரண்டு வருஷமாக வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற மனிதனை, சுவருக்காகப் பாராட்டினால் அவன் என்ன சொல்வான்? போட்டுக்கொள் என்றான். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் எதிராளியின் வாடிக்கை வண்டி ஒவ்வொன்றும் அமோவாவின் சுவரில் இரண்டு வெள்ளை வட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது.

நியார்கோ தலைநகர் அக்ராவில் எட்டு மாதம் படித்தவன். மார்பில் பேர் தைத்த நீல மேலங்கி போட்டிருந்தான், பையில் இரண்டு பேனா. வயரிங் வேலையில் ஒரு பேனாவுக்கே இடமில்லை என்பது அமோவாவின் கருத்து. ‘நியார்கோ வாகன ஒளியமைப்பு ஆலோசனை மையம்’ என்று பலகை வைத்திருந்தான். அமோவாவின் பலகையில் ‘எலெக்ட்ரிக்’ என்ற ஒரே சொல்லும், ரொட்டி போலத் தெரிகிற ஒரு பேட்டரியும் இருந்தன. ரொட்டி விலை கேட்டு இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மாமே செர்வா இருபத்திரண்டு வருஷமாக அமோவாவின் தட்டில் வைத்துவந்த மீன் தலையை இப்போது நீல மேலங்கிக்காரன் தட்டில் வைத்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே அமோவா பேசினான். சான்றிதழ் காசுக்கு வாங்கியது என்றான். அவன் போடுகிற பல்பு கண் நரம்பைத் தின்னும் என்றான். நியார்கோ வயரைப் பற்றவைக்கிற ஈயத்தில் பாதி மெழுகு என்றான், அது மெழுகில்லை என்று சந்தில் எல்லாருக்கும் தெரியும் என்று தெரிந்தே. கேட்டவர்கள் சிரித்துவிட்டு எதிர்ப் பக்கம் வண்டியை நிறுத்தினார்கள். வடக்கே தமாலே ரூட்டில் இரவெல்லாம் ஓடுகிற பன்னிரண்டு பஸ்ஸில் ஆறு, ஏற்கெனவே அங்கே விளக்கு மாற்றிக்கொண்டுவிட்டன.

அந்த ஆறில் ஒன்று பதினோரு மணிக்கு அமோவாவின் வாசலில் வந்து நின்றது. டிரைவர் பாஃபோர் இறங்கினான்.

“மாஸ்டர், ஹாரன் செத்துப்போச்சு. நாலு மணிக்கு ஆள் ஏத்தணும்.”

“உன் ஆலோசகர் எங்கே?”

“சாவு வீட்டுல. அதனாலதானே உங்ககிட்ட வந்தேன்.”

“சாவு விழுந்தாதான் என் ஞாபகம் வருதாக்கும்” என்றபடி அமோவா எஞ்சினை மூடிய பானட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினான். ஹாரனுக்கு ஐந்து நிமிஷம். எர்த் வயரின் முனை துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். மீதி நேரத்துக்கு அவன் வேறெதையோ செய்தான். அடுத்தவன் வீட்டு அலமாரியைத் திறந்தவன் போல, நியார்கோவின் வேலையை இழை இழையாகப் பார்த்தான்.

பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. விளக்குக்கான கரண்ட் சுவிட்ச் வழியாக வராமல், பேட்டரியிலிருந்து ரிலே மூலம் நேரே தடித்த வயரில் போயிற்று. சுவிட்ச் இனி உருகாது. ஃபியூஸ், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே இருந்தது. எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகரத்தில் முடுக்கி, துரு வராமல் கிரீஸ் தடவியிருந்தான். டேப் சுற்று ஒவ்வொன்றும் முந்தைய சுற்றில் சரிபாதி ஏறியிருந்தது. அமோவா தன் மிகச் சிறந்த நாட்களில் இப்படிச் சுற்றியிருக்கிறான். இவன் ஏதோ ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் சுற்றியிருக்கிறான்.

அப்புறம் அதைப் பார்த்தான். ரேடியேட்டர் பக்கத்துத் தகரத்தில் துளை போட்டு வயரை நுழைத்திருந்த இடம். துளைக்கு ரப்பர் வளையம் இல்லை. வெறும் தகர விளிம்பு, கத்தி மாதிரி. எஞ்சின் அதிர அதிர அது வயரின் தோலை அறுக்கும். வயரில் ஏற்கெனவே நகம் பட்டது போல ஒரு வெள்ளைக் கீறல். இன்னும் இரண்டு வாரம். தோல் அறுந்தால் ஃபியூஸ் போகும், பஸ் எரியாது. ஆனால் அந்த மேதை இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ்தான் போட்டிருந்தான். இரண்டு கண்ணும் ஒரே நொடியில் அணையும்.

அமோவாவுக்கு இத்தனை சந்தோஷம் கல்யாணத்தன்று வந்ததா என்பது சந்தேகம். “பாஃபோர்! இங்க வா! உன் நியார்கோ லட்சணத்தைப் பாரு!”

பாஃபோர் தட்டோடு வந்தான். பின்னாலேயே மாமே செர்வா கரண்டியோடு வந்தாள். அமோவா துளையைக் காட்டி, கீறலைக் காட்டி, இரவு நேரம், வளைவு, மரம் ஏற்றிக்கொண்டு விளக்கில்லாமல் நிற்கிற லாரி என்று எல்லாவற்றையும் சொன்னான். அத்தனையும் உண்மை. மூன்று மாதத்தில் முதல் முறையாக.

பாஃபோர் மென்றபடி கேட்டான்: “போன வாரம் மெழுகுன்னீங்க?”

“அது வேற.”

“அதுக்கு முந்தி கண் நரம்பு” என்றாள் மாமே செர்வா. “எனக்கு ரெண்டு நாள் கண் எரிஞ்சுது. அப்புறம் பார்த்தா வெங்காயம்.”

“இது நிஜம், மாமே!”

“ஒரு மீன் தலைக்கா இவ்வளவு, மாஸ்டர்? வாங்க, நாளைக்கு உங்களுக்கே வைக்கறேன்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். “ஹாரனை மட்டும் பாருங்க” என்று பாஃபோர் திரும்பாமலே சொன்னான்.

அமோவா பானட்டின் கீழ் தனியாக நின்றான். சரி, நம்ப வேண்டாம். போகட்டும். இரண்டு வாரம் கழித்து நம்புவார்கள். தமாலே போகிற வழியில், கின்டாம்போ தாண்டி ஒரு வளைவில் நம்புவார்கள். அப்போது இந்தச் சந்தே தன் வாசலில் நிற்கும். தான் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். பாஃபோரின் சாவுக்கு எந்தத் துணி போர்த்துவது என்பதுவரை யோசித்துவிட்டான். நல்ல கறுப்பு, ஓரத்தில் சிவப்பு. துக்கத்துக்கு வந்தவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ ஒரு கிழவர் எழுந்து கேட்கிறார்: கடைசியாக அந்த பானட்டைத் திறந்தது யார்?

மனசில் போர்த்திய அந்தக் கறுப்புத் துணி தோளிலிருந்து நழுவியது போல இருந்தது.

பழைய சைக்கிள் ட்யூபில் வளையமாக ஒரு துண்டு நறுக்கினான். வயரை உருவி, கீறல் மேல் டேப் சுற்றி, ரப்பரைத் துளை விளிம்பில் பொருத்தி, மறுபடி நுழைத்துக் கட்டினான். பார்க்க ஆளில்லாத அந்த வேலையை, தன் வாழ்நாளிலேயே மிக நேர்த்தியான வேலையாகச் செய்தான். டேப் சுற்று ஒவ்வொன்றும் சரிபாதி ஏறியது. நான்கு மணிக்கு பாஃபோர் ஹாரனை மூன்று தரம் அடித்துப் பார்த்தான். விளக்கையும் போட்டுப் பார்த்து, “நியார்கோ வேலைன்னா வேலைதான்” என்று அமோவாவிடமே சொல்லிவிட்டுப் போனான்.

நியார்கோ விளக்கு மாற்றியதில் மீதி ஐந்து பஸ் இருந்தன. ஐந்திலும் அதே துளை இருக்கும், அதே ஃபியூஸ் இருக்கும். டிரைவர்களிடம் சொல்லிப் பயனில்லை. நியார்கோவிடம் சொல்லலாம். அவன் நம்புவான், வேலை தெரிந்தவனுக்குப் பார்த்ததும் புரியும். ஒரே நாளில் ஐந்தையும் சரி செய்துவிடுவான். அப்புறம் அவனிடம் குறை என்று ஒன்றுமே மிஞ்சாது.

பொழுது சாய்கிற நேரத்தில் நியார்கோ வந்தான். கறுப்புத் துணியை அவிழ்க்கக்கூட இல்லை; விளக்கு மாற்றிக்கொள்ள ஒரு டாக்ஸி அவனுக்காகக் காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு வெள்ளை வட்டம் அமோவாவின் சுவரில் வந்து விழுந்தது.

“மாஸ்டர்! கோட்டைக் காணோமே!”

“மழை.”

“இன்னிக்கா?”

“உன் சாவு வீட்டுல பெய்யலையா?”

நியார்கோ சிரித்தான். துணியைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு சாக்பீஸை வீசினான். அமோவா பிடித்துக்கொண்டான். கோட்டின் உயரம் அவனுக்கு மனப்பாடம். தன் சட்டையின் மூன்றாவது பொத்தான். ஒரு விரல் ஏற்றிப் போட்டால் யாருக்கும் தெரியாது, எதிரில் வருகிறவனைத் தவிர. அமோவாவின் நிழல் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. பொத்தானைத் தொட்டுப் பார்த்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக இழுத்தான்.

சாக்பீஸைப் போடப் பைக்குள் கை விட்டபோது, பஸ்ஸுக்கு நறுக்கியதில் மிச்சமிருந்த ட்யூப் வளையம் விரலில் மாட்டிக்கொண்டு வந்தது. உதறினான், போகவில்லை. வெளிச்சத்தில் அதன் நிழல், வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு வளையமாகச் சுவரில் ஆடியது.

“அது என்ன மாஸ்டர் கையில?” என்றான் நியார்கோ, விளக்கை அணைக்காமல்.