தண்டவாளம் மட்டும்

மனைவியின் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தான். திறக்கவில்லை. மகளின் பிறந்த தேதியைப் போட்டான். அதுவும் இல்லை. இன்னும் ஒரு தடவை தப்பாகப் போட்டால் ஐந்து நிமிடம் பூட்டிக்கொள்வேன் என்று மாமியாரின் போன் மிரட்டியது. அதன் சொந்தக்காரரோ கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார்.

லிஃப்ட் மெக்கானிக் அவன். சமையலறை மேடையில் சாய்ந்து நின்று யோசித்தான். ஊரில் இருக்கிற லிஃப்ட் கதவையெல்லாம் திறக்கத் தெரிந்தவனுக்கு இது திறக்கவில்லை. தலையை நிமிர்த்தியபோது ஃப்ரிட்ஜுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்த படம் கண்ணில் பட்டது. மாமியார் பதினெட்டு வயதில், இரவல் கேமராவில் எடுத்த முதல் படம். கறுப்பு நீராவி எஞ்சின், முகப்பில் வெள்ளை எழுத்தில் 2714. போட்டான். திறந்துகொண்டது.

பெற்ற மகளும் இல்லை, பேத்தியும் இல்லை, ஓர் எஞ்சின். சாவு வீடு என்பதையும் மறந்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காலை ஆறரைக்குத் தேநீர் போட வந்தவன் அவன்தான். மாமியார் வழக்கம்போல் சன்னலோர முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்திருந்தார். பக்கத்தில் பாதி குடித்த தேநீர், மடியில் போன். தூங்குகிறார் என்று நினைத்து அடுப்பைச் சத்தமில்லாமல் பற்றவைத்தான். தேநீர் கொதிக்கிற வரைக்கும் அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் வந்து பார்த்து, "ஒரு நிமிஷம்கூட கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க" என்றார். வயது எழுபத்து மூன்று.

"அந்த குரூப்புக்குச் சொல்லிடுங்க" என்று மனைவி கூடத்திலிருந்து சொல்லியனுப்பியிருந்தாள். "அம்மாவுக்குச் சொந்தம்னா நம்மளைவிட அவங்கதான்."

குழுவின் பெயர் 'தண்டவாளம் மட்டும்'. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ரயில் பைத்தியங்கள் என்று மனைவி சொல்வாள், மாமியார் ஆர்வலர்கள் என்பார். பதினோரு வருடமாகத் தினமும் காலை சமையலறைச் சன்னலில் நின்று, வீட்டுக்குப் பின்னால் போகும் 6:10 வண்டியைப் படமெடுத்துக் குழுவில் போடுவது அவர் வழக்கம். காய்ச்சல், மழை, மகள் கல்யாணம் எதற்காகவும் அது நின்றதில்லை. இன்று நின்றுவிட்டது. குழுவில் நூற்று நாற்பத்து மூன்று செய்திகள் குவிந்திருந்தன.

'அட்மின் அம்மா, 6:10 இன்னும் வரலையா?'

'லேட்டா இருக்கும்.'

'ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். கரெக்ட் டைமுக்குப் போயிடுச்சுன்னு சொல்றாங்க.'

'ஸ்டேஷன்ல சொல்றதெல்லாம் ஒரு பேச்சா? அம்மா போட்டாத்தான் வந்ததுன்னு அர்த்தம்.'

'தடம் புரண்டிருக்குமோ?'

'வதந்தி பரப்பாதீங்க. விதி அஞ்சு.'

எட்டு மணிக்கு வண்டி ரத்து என்று ஒரு கட்சி, பாதை மாற்றி விட்டுவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. குடுமிப்பிடிச் சண்டை. மாமியாருக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வண்டி நிற்கலாம், அவர் நிற்கமாட்டார் என்று அத்தனை நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் அவருடைய கறார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவர். மூன்று நிமிடம் முடிந்தால் யார் பேசிக்கொண்டிருந்தாலும் இணைப்பைத் துண்டித்துப் பழகிய கை. குழுவையும் அப்படித்தான் நடத்தினார். விதி இரண்டு, வண்டி எண், நேரம் இல்லாத படம் செல்லாது, அன்றைய படம் அன்றே வர வேண்டும். விதி மூன்று, படத்தில் ஒரு சக்கரமாவது தெரிய வேண்டும். விதி நான்கு, காலை வணக்கம், வாழ்த்து, இரங்கல் எதுவும் கூடாது.

எஞ்சின் வடிவத்தில் செய்த கேக் குழுவுக்குள் சேருமா என்று ஒன்பது நாள் விவாதம் நடந்திருக்கிறது. சக்கரங்கள் பிஸ்கட்டில் செய்தவை, ஆகவே சேராது என்று தீர்ப்பு. கேக் செய்தவர் ரொட்டிக்கடைக்காரர். குழுவில் அவருக்கு டீசல் என்று பெயர், தொடங்கினால் நிறுத்தமாட்டார். குழுவை ஆரம்பித்த நாளிலிருந்து இருந்த ஒரு ரயில்வே கார்டு இறந்தபோது டீசல் இரங்கல் போட்டார். மாமியார் அதை அழித்தார். டீசல் கோபித்துக்கொண்டு போய் 'தண்டவாளமும் மற்றவையும்' என்று போட்டிக் குழு தொடங்கினார். ஒரே மாதத்தில் அது முழுக்க மற்றவையாகிவிடவே, பேசாமல் திரும்பி வந்தார்.

மெக்கானிக் கதை வேறு. ஆறு வருடத்துக்கு முன்னால், மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று தலைகால் புரியாத சந்தோஷத்தில் குழந்தையின் படத்தை அந்தக் குழுவில் போட்டான். அட்மினின் பேத்தி அல்லவா, எல்லாரும் மகிழ்வார்கள் என்று நினைத்தான். ஒரு நிமிடத்தில் படம் காணாமல் போனது. அடுத்த நொடியில் அவனும் நீக்கப்பட்டான். அட்மின் அப்போது பத்தடி தள்ளி, அதே நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரே வீட்டில், ஒரே மேசையில் ஆறு வருடம். அவன் வைத்த குழம்பை ரசித்துச் சாப்பிடுவார். அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் ஒத்தடம் கொடுப்பார். அவனும் வாய் நிறைய அத்தை என்றுதான் கூப்பிட்டான். ஆனால் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உள்ளுக்குள் அந்த முள் அப்படியே இருந்தது. தன் குழந்தையையே சேராது என்று தள்ளியவரின் மனதில் தனக்கு மட்டும் என்ன இடம் இருந்துவிடப் போகிறது?

அவன் தட்டச்சு செய்தான். 'நான் அட்மினின் மருமகன். அத்தை இன்று காலை காலமானார். மூன்று மணிக்கு எடுக்கிறோம்.' வீட்டு முகவரியும் போட்டான்.

முதல் பதில் பேராசிரியரிடமிருந்து வந்தது. ஓய்வுபெற்ற தாவரவியல்காரர், மாமியாரின் வலது கை.

'அட்மின் போன் யார் கையிலேயோ மாட்டியிருக்கு. அவங்க இப்படிப் போடவே மாட்டாங்க. விதி நாலு.'

'நிஜமா இருந்தா?'

'நிஜமா இருந்தாலும் விதி நாலுதானே?'

'மனுஷங்களாய்யா நீங்க? அட்மினே போயிட்டாங்க!' இது டீசல்.

'அவங்க போட்ட விதி. அவங்க போன அன்னைக்கே மீறணுமா?'

'இந்த ஒரு தடவை.'

'கேக்குக்கும் இதையேதான் சொன்னீங்க.'

மெக்கானிக் போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். மனைவி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் அழவும் இல்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் இல்லை. அவள் காதோரம் குனிந்து மெதுவாகப் படித்துக் காட்டினான். கேக் வந்த இடத்தில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பெரியம்மா எழுந்து வந்து அணைத்துக்கொண்டாள். பார்த்தால் சிரிப்பு. வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு, கண்ணில் நீர் வழிய.

"என்னடி இது, அம்மாவை இப்படிக் கிடத்திட்டு?"

"நீங்களே கேளுங்க பெரியம்மா. ஏங்க, சத்தமா படிங்க."

சத்தமாகப் படித்தான். வாடகை நாற்காலிகளில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தளர்ந்தார்கள். "போன வருஷம் என் பேரன் பிறந்த நாளுக்கு வந்து, பொம்மை ரயில்ல சக்கரம் சரியில்லைன்னு கழட்டி மாட்டிட்டுப் போனா" என்று பெரியம்மா தொடங்க, ஆளுக்கொரு கதை எடுத்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு நுழைந்தவர்கள், வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திகைத்தார்கள்.

"நீங்க போட்டதை அழிச்சிடுங்க" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்மா இருந்தா அழிச்சிருப்பாங்க."

"ஆமா, என் பொண்ணு படத்தை அழிச்ச மாதிரி."

சொன்ன பிறகுதான் அது வெளியே வந்துவிட்டது தெரிந்தது. மனைவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருடமாக இதைச் சுமந்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்கு இன்றுதான் தெரியும்.

"அம்மா தலைமாட்டுல வைக்க ஒரு படம் வேணும்" என்றாள், அம்மாவின் பக்கம் திரும்பி. "அந்த போன்ல ஏதாவது இருக்கான்னு பாருங்க."

சமையலறைக்குத் திரும்பி, மாமியார் உட்கார்ந்திருந்த அதே முக்காலியில் உட்கார்ந்து படங்களைத் திறந்தான். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இன்றைய தேதி. நேரம் 6:10. நீல எஞ்சின், முகப்பில் எண் பளிச்சென்று, அடியில் நான்கு சக்கரம். கொஞ்சம்கூட ஆடாத படம். எடுத்திருக்கிறார். போடுவதற்குள் போய்விட்டார்.

"வண்டியைப் பார்த்துட்டீங்களா அத்தை" என்றான், யாருமில்லாத சமையலறையில்.

கீழே தள்ளத் தள்ள ரயில்கள். ஆயிரக்கணக்கில் ரயில்கள். மனிதர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் தனியாக ஒரு தொகுப்பு வந்தது. 'சேராதவை' என்று பெயர் போட்டிருந்தார். அறுநூற்று நாற்பது படங்கள்.

எஞ்சின் கேக். நடைமேடையில் தூங்கும் நாய். பேராசிரியரின் அறுபதாவது பிறந்த நாள். யாரோ ஒருவருடைய கல்யாணம், மூலையில் பாதி தெரியும் ரயில் பெட்டி, சக்கரம் இல்லை. ரயில்வே கார்டுக்கு டீசல் எழுதிய நீண்ட இரங்கல், அழிக்கும் முன் அப்படியே படம் பிடித்து வைத்தது. குழுவிலிருந்து அவர் தூக்கியது ஒவ்வொன்றும் இங்கே பத்திரமாக இருந்தது.

அவன் மகள் அங்கே இருந்தாள். துணிச் சுருளுக்குள் சிவந்த முகம், மூடிய கண். சேமித்த நேரம் 11:42. அவன் நீக்கப்பட்டது 11:43க்கு. அந்த நேரத்தை அவன் மறந்ததே இல்லை.

மெக்கானிக் அழுதான். முழங்கையில் முகம் புதைத்து, காலையிலிருந்து வராத அழுகையெல்லாம் சேர்த்து அழுதான். அழும்போதே மனம் லேசாகி, என்னமோ ஒரு சந்தோஷம் அடியிலிருந்து வந்தது.

அடுத்த சில படங்களில் மாமியாரே இருந்தார். குழுவோடு எங்கோ போன பயணத்தில், நடைமேடையில் குடையை ஊன்றித் தலையைப் பின்னுக்குத் தள்ளிச் சிரிக்கிறார். யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சக்கரம் இல்லாததால் தன்னையும் தூக்கிவிட்டிருந்தார்.

தலைமாட்டில் அந்தப் படத்தைத்தான் வைத்தார்கள்.

மதியம் டீசல் வந்தார். கையில் ஒரு கூடை ரொட்டி, பின்னாலேயே பேராசிரியர், அவருக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்க ஆட்கள். நிறையப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நீங்கதானா அந்த ட்ராம் படம் போடற ஆளு?" என்று மாமியாரின் காலடியிலேயே கை குலுக்கிக்கொண்டார்கள்.

"என்னை எட்டுத் தடவை தூக்கினாங்க" என்றார் டீசல் மெக்கானிக்கிடம், பெருமையாக. "ஒன்பது தடவை சேர்த்தாங்க."

"எப்படி?"

"திரும்பச் சேர்த்துக்கோங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும். உடனே சேர்த்துடுவாங்க. இங்க தூக்கப்படாதவன் யாரு? ஏன், நீங்க கேக்கலையா?"

கேட்கவில்லை. பத்தடி தூரத்தில் இருந்தவரிடம் ஆறு வருடமாகக் கேட்கவில்லை. மெக்கானிக் போய் மாமியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மனைவி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

முதலில் காலையில் போட்ட செய்தியைப் படம் பிடித்து, சேராதவையில் வைத்தான். பிறகு குழுவிலிருந்து அதை அழித்தான். அந்த இடத்தில் 6:10ஐப் போட்டான். எஞ்சின் எண், தேதி, நேரம். 'சரியான நேரம்' என்று மட்டும் எழுதினான். வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

கூடத்திலிருந்த போன்கள் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எட்டு மணி நேரம் தாமதம்" என்றார். "ஆனா அன்னைக்கே போட்டாச்சு. விதி ரெண்டுபடி செல்லும்."

அதையே தட்டச்சும் செய்தார். 'செல்லும்.'

'செல்லும்' என்றார் டீசல்.

'செல்லும்.' 'செல்லும்.' வர முடியாமல் எங்கெங்கோ இருந்தவர்களும் ஒவ்வொருவராக அனுப்பத் தொடங்கினார்கள்.

மெக்கானிக் மாமியாரின் முகத்துக்கு நேராகக் குனிந்தான். "அத்தை, என்னைத் திரும்பச் சேர்த்துக்கோங்க" என்றான். நன்றாகக் கேட்கும்படியே சொன்னான். பிறகு அவர் போனில் தன் எண்ணைத் தேடிச் சேர்த்தான். அவனுடைய சட்டைப்பையில் போன் ஒலித்தது.

மூன்று மணிக்கு வண்டி வந்து கீழே நின்றது. லிஃப்ட்டில் படுக்கைவசமாகக் கொண்டுபோக இடம் போதாது என்று அவனுக்குத் தெரியும். படிக்கட்டு வழியாகத்தான் இறக்க வேண்டும். தலைப்பக்கம் அவனும் டீசலும் பிடித்தார்கள், கால்பக்கம் பேராசிரியரும் ட்ராம்காரரும். மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

முதல் வளைவிலேயே அவன் சட்டைப்பையிலும் கால்சட்டைப்பையிலும் இரண்டு போன்களும் மாறி மாறி ஒலித்தன. இரண்டு கையிலும் பாரம்.

"எடுத்து அணைச்சிடட்டுமா தம்பி?" என்றார் டீசல், மூச்சு வாங்க.

"வேணாம். இருக்கட்டும்."

இருநூற்றுப் பன்னிரண்டில் பாதிப் பேர்கூட இன்னும் 'செல்லும்' சொல்லி முடிக்கவில்லை. படிகளைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து அவர்கள் இறங்கினார்கள்.