அணியத்தில் ஒரு முடிச்சு

தேசப்பன் உள்ளே நுழைந்தபோது தங்கை சூர்யகலா இரும்புச் சட்டியில் கல்லுப்பு வறுத்துக்கொண்டிருந்தாள். சூடான உப்பைப் பழைய துணியில் கொட்டி முடிந்து புருஷனின் வலது மணிக்கட்டில் வைத்தாள். வெற்றிச்செல்வன் பல்லைக் கடித்தான்.

காரைக்கால் விசைப்படகில் கூலிக்குப் போனவன் அவன். எல்லை தாண்டிவிட்டதாகப் பக்கத்து நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. பல மாதம் ஜெயில். கோர்ட்டில் நிறுத்துவதற்கு முன்பே மணிக்கட்டை உடைத்திருந்தார்கள். எலும்பு தானாகக் கூடிக்கொண்டது, கோணலாக. போன வாரம்தான் மரக்காணம் வந்து சேர்ந்தான்.

ஒத்தடத் துணியைத் தேசப்பனுக்கு அடையாளம் தெரிந்தது. அவன் கொடுத்த பனியன். இரண்டு நாட்டுக் கொடியும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கீழே ‘நட்பின் பரிசு’ என்ற எழுத்து.

சென்னைக்கு வடக்கே ஒரு கப்பல் கட்டும் கம்பெனியில் அவன் வெல்டர். பக்கத்து நாட்டுக்கு இனாமாகக் கொடுக்க அரசாங்கம் அங்கே ரோந்துப் படகு கட்டச் சொன்னது. தண்ணீரில் இறக்கிய அன்று பெரியவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். வேலைக்காரர்களுக்குப் பனியனும் லட்டும் கிடைத்தன. அந்த நாட்டில் ராணுவம் வீடு புகுந்து கூட்டிப் போனவர்கள் திரும்பி வருவதில்லை, அவர்களுக்கு எதற்குப் படகு என்று ஒரு பேப்பரில் எழுதியிருந்தார்கள். தேசப்பன் அதைச் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் ஆதிமூலத்திடம் காட்டினான்.

“நாம குடுக்கலன்னா சீனாக்காரன் குடுப்பான். நீ சோத்தத் துன்னு” என்றார் ஆதிமூலம்.

தேசப்பன் பேப்பரை மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் போட்டான்.

“அண்ணே, உங்க கம்பெனில இவுருக்கு எதுனா வேல பாத்துக் குடேன்” என்றாள் சூர்யகலா. “வலை இழுக்க முடியாது. பெயின்ட் அடிக்க ஒரு கை போதும்ல?”

“ஒத்தக் கைக்கு அரச் சம்பளம் தருவானுங்க” என்றான் வெற்றிச்செல்வன்.

“உசுரோட வந்ததே பெருசு. அம்மன்தாண்ணே காப்பாத்துனா. புடிச்சிக்கினு போன ரோந்துப் படகுல இருட்டு ரூம்ல கட்டிப் போட்டிருந்தானுங்களாம். அங்க ஒரு மஞ்சத் துணி தொங்கிச்சாம். அதப் பாத்துக்கினேதான் இருந்தாராம். ஆடி மாசம் கூழு ஊத்துறேன்னு வேண்டிக்கினு இருக்கேன்.”

தேசப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

அவன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படகு கட்டினாலும் கட்டியவன் அணியத்துக்குள், அதாவது படகின் மூக்குக்குள், மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைக் கட்ட வேண்டும். முடிச்சில் ஊர்க் கடற்கரை மணல் ஒரு பிடி. போகிற படகு கரையை மறக்கக் கூடாது. வெற்றிச்செல்வனின் பழைய ஃபைபர் படகுக்கும் அவன்தான் கட்டினான். ரோந்துப் படகின் அணியத்தில் நங்கூரச் சங்கிலி போடும் அறை இருந்தது. யார் பெற்ற பிள்ளைகளோ ஏறப்போகிறார்கள் என்று நினைத்து அங்கேயும் ஒன்று கட்டினான்.

தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. சூர்யகலா குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வெற்றிச்செல்வன் உப்பு முடிச்சை இடது கையால் பிடித்துக்கொண்டான்.

“அவகிட்ட அம்மன்னு சொல்லிட்டேன்.”

தேசப்பன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

“உன் முடிச்சு எனக்குத் தெரியாதா, மச்சான்? முதல்ல நானும் எனக்காகத்தான் தொங்குதுன்னு நெனச்சேன். அப்புறம் புரிஞ்சிச்சு. அது படகுக்குக் கட்டுனது. படகத்தான் பாத்துக்கும்.”

“மாப்ள...”

“பக்கத்துல ஒரு இரும்பு வளையம். அதுலதான் எங்களக் கட்டுனானுங்க. நாலு பேரும் சேந்து இழுத்தோம். அசையல.” அவன் சிரித்தான். “நல்ல வேலக்காரன்யா நீ.”

தேசப்பனுக்கு அந்த வளையம் நினைவிருந்தது. கயிறு மாட்டுவதற்கு என்று நினைத்துப் பற்றவைத்தது.

“அதே நாட்டுக்கு இன்னொண்ணு கட்டிக்கினு இருக்கோம்” என்றான். “பெயின்ட் வேல அதுலதான்.”

வெற்றிச்செல்வன் வாசலைப் பார்த்தான். சூர்யகலா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

“வேற எடத்துல இல்லியா?”

“இல்ல.”

“அப்ப வர்றேன்.” உப்பு ஆறிவிட்டது. அதைக் கீழே வைத்தான். “இந்தவாட்டி முடிச்சு கட்டாத. வளையத்தக் கொஞ்சம் பாத்துப் பண்ணு.”

கம்பெனியில், இரண்டாவது படகின் வரைபடத்தில் சங்கிலி அறையில் வளையங்கள் கூடியிருந்தன. வரிசையாக, சுவரோடு.

“என்னாத்துக்கு சார் இவ்ளோ?” என்று கேட்டான் தேசப்பன்.

“அவுங்க கேட்டாங்க. வெச்சிக் குடுக்குறோம்” என்றார் ஆதிமூலம்.

தேசப்பன் உள்ளே இறங்கினான். தகட்டின் மறுபக்கம் வெற்றிச்செல்வன் சாரத்தில் நின்று இடது கையால் சாம்பல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். பிரஷ் உரசும் சத்தம் உள்ளே கேட்டது. தேசப்பன் மஞ்சள் துணி கொண்டுவரவில்லை. கரண்ட்டைக் குறைத்து வைத்து முதல் வளையத்தைப் பற்றவைத்தான். மேலே பார்க்க வழவழப்பாக இருந்தது. உள்ளே பிடிப்பில்லை. இத்தனை வருஷத்தில் அவன் அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

ஆதிமூலம் குனிந்து உள்ளே வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். வளையம் கழன்று தரையில் உருண்டது.

“ஏம்பா, இன்னா ஆச்சு உனக்கு? கை நடுங்குதா?”

“இல்ல சார்.”

“இதுமாதிரி பண்ணா உன்னயும் அனுப்பிடுவான், நீ கூட்டியாந்த ஒத்தக் கையனையும் அனுப்பிடுவான். போடு. நான் நிக்கிறேன்.”

தேசப்பன் கரண்ட்டைக் கூட்டினான். முகமூடியை இறக்கினான். ஆதிமூலம் பக்கத்திலேயே நின்றார். வளையம் சிவந்து, வெளுத்து, கருத்தது.

ஆதிமூலம் ஓங்கி அடித்தார். வளையம் கணீரென்றது. சத்தம் தகடு முழுக்கப் பரவியது.

வெளியே பிரஷ் நின்றது.

“ம். அடுத்தது” என்றார் ஆதிமூலம்.

சற்றுப் பொறுத்துப் பிரஷ் மறுபடி உரச ஆரம்பித்தது.