விரதப் பால்

பயந்து கிடக்கிறவனுக்கு எதிரே உட்கார்ந்து பொய் சொல்வதில் திருத்தணியில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பிழைப்பு அப்படி.

காலையில் மலைமேல் முடி இறக்கும் கொட்டகையில் வேலை. மத்தியானத்துக்கு மேல் ஸ்டேஷன் ரோட்டில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரி. மறுநாள் ஆபரேஷன் என்று படுத்திருக்கும் ஆம்பளைகளுக்கு, கத்தி படப்போகிற இடத்தில் முடியை மழித்துவிட வேண்டும். சோப்பு நுரையைத் தடவியதுமே பாதிப் பேருக்குத் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும். நடுங்குகிற தோலில் கத்தி ஓட்ட முடியாது. அதனால் பேச வேண்டியிருந்தது. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும், ஒன்று இரண்டு எண்ணி முடிப்பதற்குள் தூங்கிவிடுவீர்கள், என் கை பட்டவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார்கள் என்று சொல்லுவேன். நடந்து போகாதவர்களை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. அவர்களும் என் கை பட்டவர்கள்தான்.

அங்கே தலைமை நர்ஸ் தபிதாள் அம்மா. கங்காதரன் வந்து பேசிவிட்டுப் போனால் மயக்க மருந்து பாதி போதும் என்று டாக்டரிடமே சொல்லுவார். எனக்கும் தலைகால் புரியாது.

எழுபத்துநாலாம் வருஷம் எனக்கே குடலிறக்கம் வந்தது. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். தள்ளிப்போட்டால் குடல் மாட்டிக்கொள்ளும், அடுத்த வாரமே செய்துவிடலாம் என்றார். அவர் சொன்ன நாள் கிருத்திகை.

பூவம்மாளுக்கு அதில் ஒரே சந்தோஷம். அவள் என் மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னை பாவா என்றுதான் கூப்பிடுவாள். மாதா மாதம் கிருத்திகைக்கு விரதம் இருப்பவள். முருகனே நாள் குறித்துக் கொடுத்துவிட்டான், இனிமேல் என்ன பயம் என்று கேட்டாள்.

பயம் எனக்குத்தான். ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. எத்தனை எண்ணும்போது எவனுக்குக் கண் சொருகியது, எவன் மூக்கில் மயக்க மருந்துத் துணியை வைத்ததும் கட்டிலைப் பிறாண்டினான், எவன் சாயங்காலம் வெள்ளைத் துணி மூடி வெளியே வந்தான் எல்லாம் எனக்குத் தெரியும். மணவூரில் இருந்து வந்த ஒரு ஸ்கூல் வாத்தியார், என் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போனவர், திரும்பி வரவே இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் முகம்தான் வந்துகொண்டிருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எனக்கு நானேதான் மழித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் கீறிக்கொண்டேன். தபிதாள் அம்மா பஞ்சு வைத்து அழுத்திவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்றார். இதை எனக்கே சொல்கிறீர்களா என்று சிரித்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் விரதம் என்றால் சோறு கிடையாது, அவ்வளவுதான். பாலும் வாழைப்பழமும் சாப்பாட்டில் சேராது. சாப்பிட்டாயா என்று நர்ஸ் கேட்டால், விரதம் இருக்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். உள்ளே ஒரு டம்ளர் பாலும் இரண்டு பழமும் இருக்கும். அப்படி மூன்று பேரைத் தியேட்டர் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் தபிதாள் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பதையே விட்டுவிட்டார். பால்? பழம்? தண்ணி? என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை.

கிருத்திகையன்று விடிகாலையிலேயே பூவம்மாள் படியேறிப் போய், அபிஷேகப் பாலைச் சின்னத் தூக்கில் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் நல்லபடியாக வெளியே வந்தபிறகுதான் அதைக் குடித்து விரதத்தைத் தொடருவது என்று வேண்டிக்கொண்டாளாம். என் நெற்றியில் விபூதி வைத்தாள். அப்போது வராந்தாவின் அந்தக் கோடியில் ஸ்ட்ரெச்சர் வண்டியின் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது. அந்தச் சத்தத்தை வருஷக்கணக்காகக் கேட்டவன் நான். அன்றைக்கு என்னைப் பார்த்து வந்தது.

பாலைக் கொடு என்றேன்.

அவள் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னாங்களே பாவா."

"சோறுதான் கூடாது. விரதப் பால் இன்னா பண்ணும்? ஆஸ்பத்திரி சமாச்சாரம் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தேன். தியேட்டர் வாசலில் தபிதாள் அம்மா எப்போதும்போல் கேட்டார். பால் குடித்தேன் என்று சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்தார். யார் கொடுத்தது என்றார். நான் பூவம்மாளைக் கை காட்டினேன். "இவதாங்க. சாமிப் பாலுன்னு எடுத்துகினு வந்தா." அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதான் என் கெட்டிக்காரத்தனம்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "மயக்கத்துல வாந்தி வந்திருந்தா மூச்சடைச்சு செத்திருப்பான்மா. உன் கையாலயே கொன்னிருப்ப."

பூவம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கேட்டுத்தானே கொடுத்தாள், அதைச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உனக்குமா தெரியாது, கங்காதரா?" என்று தபிதாள் அம்மா மெதுவாகக் கேட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மூன்று கவளம் சோறு சாப்பிட்டதும் தூங்கிவிட்டேன். ஒரு வாரமாக வராத தூக்கம். அவள் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம், பிள்ளைகள் சொன்னார்கள்.

பதினைந்து நாள் கழித்து அதே டாக்டர் அதே ஆபரேஷனைச் செய்தார். ஒன்பது வரைக்கும் எண்ணினேன், அவ்வளவுதான் ஞாபகம். நான் சொல்லிவந்த பொய் எனக்கு மட்டும் நிஜமாகிவிட்டது. பதினைந்து நாள் தள்ளிப்போட்டதில் எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. போனது முழுக்க அவளுக்கு.

அதற்கப்புறம் பூவம்மாள் பாலைத் தொடவில்லை. கிருத்திகைக்கு வெறும் தண்ணீர்தான். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுப்பதற்குள் பக்கத்து வீட்டில் இரண்டு தடவை கேட்டுவிட்டு வருவாள். கொடுத்துவிட்டேனே, கூடாது என்று மனசில் தோணியும் கொடுத்துவிட்டேனே என்பாள். நான் தெரியாமல் கேட்டேன், அவள் தெரிந்து கொடுத்தாள் என்பது அவள் தீர்ப்பு. என் அண்ணன் கஜபதிக்கு இது வருஷக்கணக்காக ஓடிய தமாஷ். விருந்து என்று நாலு பேர் கூடினால், பூவம்மா கையால் பால் மட்டும் வாங்கிக் குடிக்காதீர்கள் என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். வெட்கம் கெட்ட ஜென்மம்.

எண்பத்துமூன்றில் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அதே ஆஸ்பத்திரி. பழைய டாக்டர் போய் வேறொருவர் வந்திருந்தார். தபிதாள் அம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. மழிக்கிற வேலையைப் பிளேடு வைத்து ஆஸ்பத்திரிக்காரர்களே செய்துகொள்ள ஆரம்பித்துவிட்டதால் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் அன்று காலையில் பார்த்தால் பூவம்மாளின் உதடு வெடித்திருந்தது. முந்தின நாள் காலையிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லையாம். ராத்திரி வரைக்கும் குடிக்கலாம் என்று சொன்னேனே அம்மா என்று தபிதாள் அம்மா கோபித்துக்கொண்டார். "வேணாங்க. ஒருவாட்டி இவர் உசுரோட வெளையாடிட்டேன். அது போதும்" என்றாள் பூவம்மாள். ஒன்பது வருஷத்துக்கு அப்புறமும் அதையேதான் சொன்னாள்.

தபிதாள் அம்மா அடுத்த கட்டிலுக்குப் போனபிறகு, அவள் என் கையைப் பிடித்தாள். விரல் சில்லென்று இருந்தது.

"பாவா, அல்லாருக்கும் சொல்லுவீங்களே. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்னு. எனக்கும் சொல்லுங்க."

அவள் கேட்டது அது ஒன்றுதான். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குச் சொன்னது. நுரையைத் தடவிக்கொண்டே வாய்க்கு வந்தபடி சொன்னது. என் வாயில் அது வரவில்லை. இவள் உள்ளே போய்த் திரும்பி வராவிட்டால், கொலைகாரி என்ற நினைப்போடேயே போய்விடுவாளே, அதை நான் எப்படிச் சுமப்பேன் என்றுதான் ஓடியது. கவனியுங்கள், நான் எப்படிச் சுமப்பேன் என்று.

சொல்லிவிட்டேன். தெரிந்தேதான் குடித்தேன் என்று. பால் குடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்து, பயத்தில் குடித்தேன் என்று. உன் மேல் ஒரு தப்பும் கிடையாது பூவு என்று. சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. அன்றைக்குப் பால் குடித்து முடித்ததும் இருந்ததே, அதே லேசு.

அவள் என் கையை விட்டுவிட்டிருந்தாள். எப்போது விட்டாள் என்று தெரியவில்லை.

"ஒம்போது வருசம் உள்ள வெச்சிருந்தீங்க" என்றாள். "இன்னும் ஒரு நாள் வெச்சிகினு இருக்கக் கூடாதா?"

வண்டி வந்தது. நான் கூடவே நடந்தேன். வாசலில் தபிதாள் அம்மா கேட்டார், பால்? பழம்? தண்ணி? பூவம்மாள் மூன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். கண்ணோரத்திலிருந்து காதுக்குள் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. பயப்படாதே அம்மா என்று தபிதாள் அம்மா அதைத் துடைத்துவிட்டார். கதவை மூடினார்கள்.

உள்ளே இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பிழைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பால் கொடுக்கலாம் என்றார் டாக்டர். தபிதாள் அம்மா ஆற்றிக் கொண்டுவந்த டம்ளரை என் கையில் கொடுத்து, நீயே குடு என்றார். நான் கட்டில் ஓரம் போய் நீட்டினேன். பால் வேண்டாம் என்பாள், தொடமாட்டாள் என்று நினைத்தேன். பூவம்மாள் என்னைத் தாண்டி அவரைப் பார்த்தாள்.

"நீங்க குடுங்கம்மா."

தபிதாள் அம்மா என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டார். பூவம்மாள் தலையைத் தூக்கி, அவர் கையிலிருந்து அடி வரைக்கும் குடித்தாள். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பால் குடித்தாள்.

பத்தாம் நாள் வீட்டுக்கு நடந்தே வந்தாள். நான் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். ஸ்டேஷன் ரோடு முனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு மேலும் பார்க்கவில்லை.